மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் பொன்னாடை

கரிசல் மண்டல மானாவாரி விதை வழங்கு வாரியம் என்ற பெயரை மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாலே பாதி விதை முளைத்த மாதிரி என்று கோவில்பட்டிப் பக்கம் கேலி பேசுவார்கள். பசுவந்தனைத் திருப்பதி அதை ஒரே மூச்சில் சொல்வார். சொல்லி என்ன செய்ய? அவருக்கு ஒதுக்கிய உளுந்து விதை மூட்டை, எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற அந்த அலுவலகத்தின் கிட்டங்கியில், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. திருப்பதி இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

இந்த மண்ணைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் உழுது போட்ட கரிசல் புழுதியாகக் கிடக்கும். மழைக்கு முந்தி அந்தப் புழுதியில் விதையைப் போட்டுவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். மழை முந்திக்கொண்டால் தொலைந்தது. நனைந்த கரிசலில் டிராக்டர் இறங்காது, மாடு இறங்காது. மனுசன் இறங்கினால் ஒற்றைச் செருப்போடு திரும்பி வருவான். அப்புறம் மண் காய்ந்து பதம் வருவதற்குள் அந்த வருசத்து வெள்ளாமைக்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

கீழ்வானத்தில் மேகம் தினமும் கூடிக்கொண்டிருந்தது. திருப்பதியின் மனைவி வனிதா காலையில் எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பாள், அப்புறம் புருசனைப் பார்ப்பாள். வானத்தைப் பார்க்கிற பார்வையில் இருந்த மரியாதை இந்தப் பார்வையில் இருக்காது. போன வருசம் அவர் கடை விதையை நம்பிப் போட்டு, பாதி முளைக்காமல் போய், அவள் வாயால் பட்ட பாடு ஊருக்கே தெரியும். இந்த வருசம் வாரியத்து விதைதான் என்று சத்தியம் செய்து வைத்திருந்தார் மனுசன்.

மூட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆதார் நகல் கொடுத்தாயிற்று. பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. துணை இயக்குநர் பூவனலிங்கம் வழங்கு சீட்டில் கையெழுத்துப் போட்டால் கிட்டங்கி திறக்கும். பூவனலிங்கமும் இருக்கையில்தான் இருந்தார். கையும் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதத்தோடு வாரியம் நவீனமாகிவிட்டது. நவீனமான அலுவலகத்தில் கையெழுத்தைக் கையால் போடக் கூடாது.

"என்ன சார், கம்ப்யூட்டரையே காணோம்?" என்று கேட்டார் திருப்பதி. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி இருந்த இடத்தில் பூவனலிங்கத்தின் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. மேசைமேல் ஒரு திரை மட்டும் இருந்தது.

"இருக்கு. ஆனா இங்கன இல்ல," என்றார் பூவனலிங்கம், புது மாப்பிள்ளையின் தகப்பனார் மாதிரி. "எல்லாம் மெய்நிகர் ஆயிருச்சு. அதாவது மெய்க்கு நிகர். பார்க்கதுக்கு நிஜம் மாதிரியே இருக்கும், நிஜம் கிடையாது. நம்ம வாரியம் பூராவும் இப்ப அப்படித்தான் இயங்குது."

திருப்பதிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தார்.

விளங்கும்படி சொன்னது சதீஷ்குமார்தான். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற சிஸ்டம் ஆள். நரை தட்டின தலையும் கழுத்தில் தொங்குகிற வயருமாக எப்போதும் மேசைக்கு அடியிலிருந்துதான் எழுந்து வருவார்.

"அண்ணாச்சி, முந்தி ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்துச்சுல்லா? இப்ப அந்த ஏசி ரூம்ல ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதுக்குள்ள ஏழெட்டு கம்ப்யூட்டர் இருக்கதா நினைச்சுக்கிடணும்."

"யாரு நினைச்சுக்கிடணும்?"

"அதுவே நினைச்சுக்கிடும். நம்ம எல்லாரும் திரையில பார்க்கது அந்த நினைப்பைத்தான்."

"சரி. என் கையெழுத்து?"

சதீஷ்குமார் சுவரில் அறைந்திருந்த கறுப்பு டப்பாவைக் காட்டினார். சோப்பு டப்பா அளவு. வரிசையாக ஓட்டைகள். ஒரு ஓட்டையில் பென்டிரைவ் மாதிரி ஒன்று சொருகியிருந்தது. "அதுதான் கையெழுத்துச் சாவி. சாரு கையெழுத்து அதுக்குள்ளதான் இருக்கு. முந்தி சாரோட கம்ப்யூட்டர்ல சொருகுவோம். இப்ப சொருகதுக்குக் கம்ப்யூட்டர் இல்ல. அதனால இந்த யூஎஸ்பி ஹப்புல சொருகி, நெட்வொர்க் வழியா எந்த மெஷினுக்கு வேணுமோ அந்த மெஷினுக்குக் கொடுக்கோம். ஆனா ஒரு நேரத்துல ஒரு மெஷினுக்குத்தான் கொடுக்கும். தெருக்குழாயில ஒரு குடம்தான வைக்க முடியும்?"

"இப்ப யாரு குடம் வச்சிருக்கா?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு சதீஷ்குமார் மறுபடி மேசைக்கு அடியில் போய்விட்டார்.

வரிசையில் திருப்பதிக்குப் பின்னால் எப்போதும்வென்றான் கோமதியம்மாள் நின்றாள். தனி மனுசியாக நிலத்தை வைத்து விவசாயம் பார்க்கிறவள். வாய்க்குப் பயந்தே வரப்பு வம்புக்கு எவனும் வர மாட்டான். "எப்போதும்வென்றான்னு ஊர்ப் பேரைச் சொன்னேன் அண்ணாச்சி. கிட்டங்கிக்காரன் சிரிக்கான். இங்கன மட்டும் தோத்துட்டீங்களேங்கான்," என்றாள்.

முதலில் சந்தேகம் ஆயுத பூசை மேல் விழுந்தது. பூசையன்று ஊழியர்கள் ஹப்புக்கும் பட்டை போட்டு, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு ஓட்டைக்குள் குங்குமம் இறங்கியிருந்தது. சதீஷ்குமார் பல் துலக்கும் பிரஷை வைத்துத் துடைத்தார். பூசை போட்டவருக்கு, ஏன் குங்குமம் வைத்தீர் என்று விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. ஹப்புக்குக் குங்குமம் வைக்காதவருக்கு, ஏன் வைக்கவில்லை என்று இன்னொரு மெமோ போயிற்று. சாவி வேறு ஓட்டைக்கு மாற்றப்பட்டது. ஹப்பின் விளக்கு பச்சையாக எரிந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். சிவப்பாகிவிட்டது.

அப்புறம் ஆய்வுக் குழு வந்தது. தூத்துக்குடியிலிருந்து ஜீப்பில் வந்து, டப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்து, காபி குடித்து, டப்பா இருந்த இடத்திலேயே இருப்பதாக அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிற்று. அந்த அறிக்கையைப் பூவனலிங்கம் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். களவு போகவில்லை என்று உறுதியானதில் அவருக்குப் பெரிய ஆறுதல்.

சதீஷ்குமார் ஹப்பை அணைத்துப் போட்டார். வயரை மாற்றினார். பெரிய கம்ப்யூட்டரோடு அது பேசுகிறதா என்று பார்த்தார். நன்றாகப் பேசியது. கடைசியில் என்னத்தையோ தட்டித் திறந்தபோது திரையில் ஒரு வரி வந்தது. வாரியத்தில் எல்லாமே தமிழ்தான் என்று உத்தரவு இருந்ததால் அதுவும் தமிழில் வந்தது.

*மெய்நிகர் இயந்திரம் 3 இன்னும் விடுவிக்கவில்லை.*

சாவியை அந்த மெஷின் கையை விட்டு விடவில்லை என்பது அதற்குப் பொருள். சதீஷ்குமாருக்கு அது விளங்கியது. பூவனலிங்கத்துக்கு வேறு மாதிரி விளங்கியது. நவீனமானதிலிருந்து திரையில் வந்த எந்தச் சொல்லும் புரியாமல் தவித்த மனுசனுக்கு, முதல்தடவையாகத் தெரிந்த சொல் ஒன்று வந்திருக்கிறது. முகமே மாறிவிட்டது. விடுவிப்பு. அவருடைய உத்தியோகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆளை இந்த இருக்கையிலிருந்து விடுவித்தால்தான் அடுத்த ஆள் உட்கார முடியும்.

"யாரை விடுவிக்கல?" என்றார் எழுந்து நின்று.

"மூணாம் நம்பர் மெஷின் சார். மாயகிருஷ்ணன்னு பேரு போட்டிருக்கு."

"கண்காணிப்பாளர் மாயகிருஷ்ணனா? அவர் ரிட்டயராகி வருசக்கணக்காச்சே."

நடந்தது இதுதான். பழைய கம்ப்யூட்டரில் இருந்த பெயர்ப்பட்டியலை அப்படியே தூக்கிப் பெரிய கம்ப்யூட்டரில் போட்டபோது, பட்டியலில் இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு மெஷின் முளைத்துவிட்டது. மாயகிருஷ்ணனுக்கும் முளைத்தது. ஹப்பில் சாவியைச் சொருகிய நொடியே அது பாய்ந்து பிடித்துக்கொண்டது. எத்தனை தடவை உருவிச் சொருகினாலும் அதுதான் முந்தியது. பட்டியலிலிருந்து பெயரை ஏன் எடுக்கவில்லை என்றால், விடுவிப்பு ஆணை இல்லை. ஆணை ஏன் இல்லை என்றால், அவர் ஓய்வு பெற்றது கொரோனா அடைப்புக் காலத்தில். தவிர, அலுவலகத்தில் எல்லாருக்கும் விடுவிப்பு ஆணை தயாரிக்கிறவர் மாயகிருஷ்ணன்தான். அவருக்குத் தயாரிக்க ஆள் இல்லை. பென்சன் கொடுக்கிற ஆபீசுக்கு அவர் போய்விட்டது தெரியும். அவர் வேலை பார்த்த ஆபீசுக்குத்தான் தெரியாது.

"சார், தலைமை ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அந்த மெஷினை நிறுத்திருதேன். எனக்கு அந்த அனுமதி கிடையாது," என்றார் சதீஷ்குமார்.

பூவனலிங்கம் சென்னைக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு மேடம் பேசினார்.

"பாருங்க சார், ஊழியர் பேர்ல இருக்கற மெஷினை நிறுத்தினா அது பணிநீக்கம். பணிநீக்கம்னா குற்றச்சாட்டு வேணும், விசாரணை வேணும், மெஷின் தரப்பு விளக்கம் வேணும். விடுவிப்புன்னா ஈஸி. ஒரு ஆணை, ஒரு விழா, ஒரு போட்டோ. அப்லோடு பண்ணிட்டா போதும்."

"ஆணையில டிஜிட்டல் கையெழுத்துல்லா போடணும் மேடம்? சாவியை அந்த மெஷின்தான் வச்சிருக்கு."

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. "அப்ப இந்த ஒரு ஆணைக்கு மட்டும் மையில போட்டுக்கோங்க."

பூவனலிங்கம் மேசை இழுப்பறைக்குள் கையை விட்டுப் பச்சை மைப் பேனா ஒன்றை எடுத்தார். உதறினார். பழைய காகிதத்தில் ஒரு சுழி சுழித்தார். அருமையாக எழுதியது. திருப்பதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சார், பேனா நல்லாத்தான எழுதுது. அப்படியே என் சீட்டுலயும் ஒரு இழுப்பு இழுத்துருங்களேன்."

பூவனலிங்கம் அதிர்ந்து போனார். "என்ன திருப்பதி, விவரம் தெரிஞ்ச மனுசன் பேசுத பேச்சா இது? மெஷினுக்கு மையில போடலாம். மனுசனுக்கு மெஷின்லதான் போடணும். ரெண்டையும் கலந்தா நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்?"

நியாயம்தான் என்று தலையாட்டினார் கிட்டங்கிக்காரர். அவருக்கு எந்த நாளும் கதவைத் திறக்காமல் இருப்பதில் ஒரு சந்தோசம்.

அடுத்த சிக்கல், மூன்றாம் நம்பர் மெஷினைத் திறக்க மாயகிருஷ்ணனின் கடவுச்சொல் வேண்டும். அவர் ஓட்டப்பிடாரத்தில் இருந்தார். ஆபீசிலிருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறார், போய் அழைத்து வரவும் ஜீப்புக்கு டீசல் அனுமதி இல்லை. ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைசியில் திருப்பதியைப் பார்த்தார்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் வண்டியை உதைத்தார்.

மாயகிருஷ்ணன் தேய்த்த சட்டையும் பையில் பேனாவுமாக, ஆபீசுக்குப் புறப்பட்ட ஆள் மாதிரி, வீட்டு முன்னறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் திருப்பதி சொன்ன விவரத்தைக் கேட்டார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மாலை உண்டா? ஒரு சால்வை உண்டா? எத்தனை பேருக்கு நான் முன்ன நின்னு விழா எடுத்திருக்கேன் தெரியுமா? பூவனலிங்கத்துக்கு முந்தி இருந்தவருக்கு மதுரைக்குப் போய் மாலை வாங்கிட்டு வந்தேன், மல்லி வாடிருமேன்னு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். என் முறை வந்தப்ப ஒருத்தன் வாசல் வரைக்கும் வரல. மாஸ்க்கை மாட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்துட்டேன்." மனுசனுக்கு அது உண்மையிலேயே ஆறாத வருத்தம். திருப்பதிக்கே கஷ்டமாகிவிட்டது.

"இப்ப விழா எடுக்காவ அண்ணாச்சி. மெஷினுக்குத்தான் எடுக்காவ, ஆனா உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"மாலை?"

"உண்டு."

"கேசரி?"

"கேசரி, காராச்சேவு எல்லாம் சொல்லியாச்சு." யாரும் சொல்லவில்லை. திருப்பதியாகச் சேர்த்துக்கொண்டார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிற வழி நெடுக மாயகிருஷ்ணன் வாரியத்தை வறுத்தெடுத்தார். "விதைக்கு வந்த வெள்ளாமைச் சம்சாரியை நிக்க வைக்கதா? அவன் மழையைப் பார்ப்பானா, இவங்க மூஞ்சியைப் பார்ப்பானா? நான் மட்டும் சீட்டுல இருந்திருந்தா உங்களை ஒரு நிமிசம் நிக்க வச்சிருப்பேனா?" திருப்பதிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனுசனைப் போய் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்களே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விழா மறுநாள் காலை. ஆபீஸ் வாசலை ஒட்டிப் பந்தல், மேசை ஓரத்தில் மைக், வெளியே நாற்காலி எல்லாம் வந்துவிட்டது. விதைக்குத்தான் தாமதமாகும், விழாவுக்கு ஆகாது. பின்னால் தட்டி கட்டியிருந்தார்கள்: மெய்நிகர் இயந்திரம் எண் 3 மற்றும் திரு. மாயகிருஷ்ணன் ஆகியோரின் பணி நிறைவுப் பாராட்டு விழா. பெயர் வரிசை பணிமூப்புப்படியா என்று மாயகிருஷ்ணன் கேட்டார். அகர வரிசைதான், அதிலும் மெஷினுக்கு எண் இருப்பதால் முன்னால் வந்துவிட்டது என்று சமாதானம் சொன்னார்கள்.

மாலை போடுவதில் ஒரு குழப்பம். மாயகிருஷ்ணனுக்குக் கழுத்து இருந்தது, போட்டாயிற்று. மெஷினுக்கு எங்கே போடுவது? பெரிய கம்ப்யூட்டருக்குப் போடலாம் என்றார் ஒருவர். அதற்குள் இன்னும் ஆறேழு பேருடைய மெஷின்கள் இருக்கின்றன, பணியில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து மாலை போட்டால் நாளைக்குப் பதவி உயர்வில் சிக்கல் வரும் என்றார் இன்னொருவர். திரைக்குப் போடலாம் என்றால் திரை வாரியச் சொத்து. கடைசியில் மெஷின் இத்தனை நாள் கையில் பிடித்திருந்த ஹப்புக்கே மாலை என்று முடிவாயிற்று. சோப்பு டப்பா மாலைக்குள் காணாமல் போய்விட்டது. சதீஷ்குமார் பூவை விலக்கி விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். பொன்னாடை திரைக்குப் போர்த்தப்பட்டது. அதைச் சொத்தாகக் கருத வேண்டாம், தற்காலிகப் போர்வையாகக் கருதலாம் என்று குறிப்பு எழுதிக்கொண்டார்கள்.

பூவனலிங்கம் விழாத் தலைவராக எழுந்து மைக்கைத் தட்டினார்.

"பெரியோர்களே, வரிசையில் நிற்கும் விவசாயப் பெருமக்களே. நம்ம மூன்றாம் எண் இயந்திரத்தைப் பத்தி என்னத்தைச் சொல்ல? காலையில பத்து மணிக்கு இந்த ஆபீஸ்ல இருந்த ஒரே ஊழியர் அதுதான். ஒரு நாள் லீவு போட்டது கிடையாது. டீக்குடிக்கப் போனது கிடையாது. கையில ஒரு பொறுப்பைக் கொடுத்தோம், கடைசி வரைக்கும் விடல. எங்களால புடுங்க முடியல. இந்த மாதிரி கடமையுணர்ச்சியை நான் என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல, என்கிட்ட உட்பட." கைதட்டல். "அடுத்து, அண்ணன் மாயகிருஷ்ணன். அவர் இருந்தப்ப இந்த ஆபீஸ் எப்படி நடந்துச்சோ, அதே மாதிரிதான் அவர் இல்லாதப்பவும் நடந்துச்சு. அவர் போனது எங்களுக்குத் தெரியவே இல்ல. இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு அரசு ஊழியருக்கு என்ன இருக்க முடியும்?"

மாயகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்று பிற்பகல் முதல் இருவரும் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள்," என்று முடித்தார் தலைவர்.

சதீஷ்குமார் மாயகிருஷ்ணனைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். அவர் பொன்னாடையைச் சற்று ஒதுக்கிவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டினார். வேலையில் சேர்ந்த தேதிதான் கடவுச்சொல், அதை எங்கே மறக்க? வணக்கம் மாயகிருஷ்ணன் என்றது திரை. மாலைக்குள்ளிருந்து பச்சை விளக்கு எட்டிப்பார்த்தது. கையெழுத்துச் சாவி தயார் என்று வந்தது.

"அந்த விடுவிங்கிற பட்டனை அமுக்குங்க சார், முடிஞ்சுது," என்றார் சதீஷ்குமார்.

"நில்லுங்க," என்று பாய்ந்து வந்தார் பூவனலிங்கம். "பிற்பகல்னுல்லா சொல்லியிருக்கு? நம்ம வாரியத்துல யாரையும் பிற்பகல்லதான் விடுவிப்போம். முற்பகல்ல விடுவிச்சா அரை நாள் சேவை முறிவு ஆயிரும். பன்னெண்டு மணி மில் சங்கு ஊதட்டும். அதுவரைக்கும் கேசரி சாப்பிடுவோம்."

திருப்பதிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பந்தலுக்கு வெளியே கிழக்கே வானம் இருண்டு, புழுதிக் காற்று ஒன்று தட்டியை உலுக்கிவிட்டுப் போயிற்று. அந்த நேரம் பார்த்து வனிதா போன் போட்டாள்.

"என்ன செய்யுதீங்க? இங்கன மேகம் கூரைக்கு மேல நிக்குது. டிராக்டர்காரன் நாளைக்குக் காலையில விட்டா அப்புறம் வரமாட்டேங்கான்."

"கேசரி சாப்பிடப் போறாங்கட்டி."

"நல்லாச் சாப்பிடுங்க," என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வருசத்து வெள்ளாமை கண்ணெதிரே கரைந்துபோகிறதே என்று திருப்பதி மேகத்தையும் கேசரித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாயகிருஷ்ணன் கேசரிக்கு எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மேசையை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். "பிற்பகல்தான் விடுவிப்புன்னா, முற்பகல் பூரா இந்தச் சீட்டுக்கு நான்தான் பொறுப்பு," என்றார். "துணை இயக்குநர் இருக்கையில இல்லாதப்ப கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடலாம்னு விதி இருக்கு. பூவனலிங்கம் இப்ப விழாத் தலைவர். தலைவரா இருக்கும்போது எப்படித் துணை இயக்குநரா இருக்க முடியும்?"

பூவனலிங்கம் யோசித்தார். விதியில் ஓட்டை இல்லை. அதைவிட, இதனால் வருகிற எந்தக் கையெழுத்துக்கும் தான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது விளங்கியபோது முகம் பூவாக மலர்ந்துவிட்டது. "தாராளமா," என்று சொல்லிவிட்டுக் கேசரித் தட்டோடு தள்ளிப் போனார்.

திருப்பதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே தாவாகத் தாவி, தன் சீட்டை மாயகிருஷ்ணன் முன்னால் வைத்தார். முந்தின நாள் வண்டியில் அவர் பேசியதெல்லாம் காதில் கேட்டது. ஒரு நிமிசம் நிக்க வைக்க மாட்டேன் என்ற மனுசனல்லவா.

மாயகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். சீட்டை எடுத்தார். முன்புறம் பார்த்தார், பின்புறம் பார்த்தார், பின்புறத்தில் ஒன்றும் இல்லாததை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. புருவம் ஏறியது. கழுத்து மாலைக்கு மேலே முகம் ஒரு மாதிரி இறுகியது. சீட்டைத் திருப்பதி பக்கமாகவே தள்ளினார்.

"நாளைக்கு வாங்க," என்றார்.

மைக் திறந்திருந்தது. பந்தல் பூரா கேட்டது. கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று.

"வந்துட்டாருய்யா பழைய மாயகிருஷ்ணன்," என்றாள் கோமதியம்மாள். "இவர் காலத்துல நான் நின்ன நிலை எனக்குத்தான் தெரியும். வண்டியில கூட்டியாந்தாராம் அண்ணாச்சி, வாழ்த்துங்க."

திருப்பதிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு வந்தது ஒரு குழப்பம்தான். விடை தெரியாமல் கேட்கிற பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்களே அண்ணாச்சி."

மாயகிருஷ்ணன் மாலையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தனை வருசச் சர்வீசில் அவருக்கு எப்போதும் ஒரு நாளை இருந்தது. இதோ இந்த நாற்காலியில், முதல்தடவையாக, இல்லை.

"ஏ சாமி, வாயி தன்னால சொல்லிட்டுய்யா," என்றார், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு. பிறகு சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் பந்தலே சிரித்தது. "சதீஷ், எங்கன அமுக்கணும்? சீக்கிரம் காட்டுங்க."

சாவியின் ரகசிய எண் வாரியம் தொடங்கிய காலத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாயகிருஷ்ணன் அமுக்கினார். பச்சை விளக்கு சிமிட்டியது. அச்சு எந்திரம் முனகிக்கொண்டே சீட்டைத் துப்பியது. அடியில் கையொப்பம் இருந்தது.

"அடுத்தாள் வாங்க. ஏலே, தள்ளாத. எல்லாருக்கும் போடுதேன். ஆதார் நகல் எல்லாம் வேண்டாம், பேரைச் சொல்லுங்க, போதும். என்ன, மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கீங்க? சங்கு ஊதிருவான்." அவர் கையெழுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்துக் கிட்டங்கிக்காரருக்கு மயக்கமே வந்துவிட்டது. அவர் ஒரு நாளில் இத்தனை தடவை கதவைத் திறந்ததே கிடையாது. கோமதியம்மாளின் சீட்டு அச்சாகி வந்த சூட்டோடு மில் சங்கு ஊதியது. மாயகிருஷ்ணன் விடுவி என்ற பட்டனை அமுக்கிவிட்டு, கும்பிட்டு எழுந்தார். ஹப்பில் விளக்கு அணைந்தது. போட்டோ எடுத்தார்கள்.

திருப்பதி மறுநாள் விடியலில் விதைத்து முடித்ததும், அன்று சாயங்காலமே மழை ஊற்றியதும், வனிதா அவருக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றியதும் பின்னால் நடந்தவை. அப்போதைக்கு அவர் மூட்டையை வண்டியில் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சந்தோசத்தில் முடிச்சு சரியாக விழவில்லை.

கோமதியம்மாள் தன் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசலில் நின்ற பூவனலிங்கத்திடம் போனாள்.

"சார், உங்களுக்கு எப்ப ரிட்டயர்மென்ட்?"

தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று பூவனலிங்கத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இன்னும் நாலு வருசம் இருக்கும்மா," என்றார் சிரித்துக்கொண்டே.

கோமதியம்மாள் முகம் வாடிப் போயிற்று.

"கொஞ்சம் முந்தி வச்சுக்கிட முடியாதா சார்? அடுத்து கொத்தமல்லி விதை வாங்கணும்."